இரத்மலானை சார்ட்டரிலிருந்து ஏடிஆர் வலது இருக்கைக்கு: கொழும்பு விமானிகளுக்கு ஒரு வழிகாட்டி

இரத்மலானையில் சார்ட்டர் (வாடகைப் பறப்பு) ஓட்டும் விமானிக்குக் காலையிலிருந்தே எல்லாம் தன் கையில்தான். வானிலை பார்ப்பதும் அவர், எரிபொருள் கணக்குப் போடுவதும் அவர், பயணிகளின் பெட்டி எங்கே போகவேண்டும் என்று சொல்வதும் அவர். சீகிரியாப் பக்கம் மழை கட்டிவிட்டால் காத்திருப்பதா, திரும்புவதா என்று தீர்மானிப்பதும் அவரே. இப்படி வளர்ந்தவர்களிடம் ஒரு தெளிவு இருக்கும். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் பிராந்திய எயார்லைன் ஒன்றில் ஏடிஆரின் (இரட்டைப் புரொப்பெல்லர் பயணி விமானம்) வலது இருக்கைக்கு, அதாவது துணை விமானி இடத்துக்கு, தேர்வுக்குப் போய் உட்காரும்போது, எதிரில் இருக்கும் கப்டன்கள் வேறு ஒன்றைத்தான் தேடுகிறார்கள். இந்த ஆள் ஒரு லீவரைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாரா? அவர் "பொறு" என்றால் கை நிற்குமா? லொக்புக்கில் உள்ள மணித்தியாலங்கள் உங்கள் பெயரை அழைப்புப் பட்டியலில் சேர்க்கும். வேலையைத் தருவது இந்தப் பழக்கம். இதைத் தேர்வுக்கு இரண்டு கிழமைக்கு முன் தொடங்கிப் பழக முடியாது. சார்ட்டரில் இருக்கும்போதே தொடங்கவேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியை எழுதக் காரணம்.

எங்கே கதவு இருக்கிறது

1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்கு டிசி-3 விமானத்தில் தொடங்கியது. சிறிய விமானத்தில் குறுகிய தூரம், ஒரே நாளில் பல தரையிறக்கம் என்ற பிராந்தியப் பறப்பு நமக்குப் புதிதல்ல. இன்று அதே கடலைத் தாண்டி யாழ்ப்பாணம்–சென்னைக்கு ஏடிஆர் வருகிறது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. முதலில் அலையன்ஸ் எயார் வந்தது, 2024 செப்டம்பரில் இன்டிகோவும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த விமானத்தைப் பார்த்தே ஆசை வருகிறது. ஆனால் அவை இந்தியக் கொம்பனிகள். அங்கே வெளிநாட்டு விமானிகளைத் தற்காலிக அனுமதியில்தான் எடுப்பார்கள், அதுவும் பெரும்பாலும் அந்த ரகத்தில் ஏற்கனவே கப்டனாக இருப்பவர்களை. சிபிஎல்லோடு (வணிக விமானி லைசன்ஸ்) போய்த் தட்டக்கூடிய கதவு அது இல்லை.

கொழும்பிலிருந்து பார்க்கும்போது நடைமுறையில் உள்ள வழிகள் சில. உள்ளூரில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸும் ஃபிட்ஸ்எயாரும் இருக்கின்றன. இரண்டும் ஏ320 ரக ஜெட் ஓட்டுகின்றன. ஆள் எடுக்கும்போது போட்டி கடுமை. டர்போபுரொப் (டர்பைன் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானம்) பிராந்தியப் பறப்பு என்றால் நமக்கு மிகக் கிட்டிய இடம் மாலைதீவு. மால்டிவியன் டேஷ் 8, ஏடிஆர் ரகங்களைத் தீவுகளுக்கிடையில் ஓட்டிவருகிறது. மன்டா எயாரிடம் ஏடிஆர் 72-600 இருக்கிறது. கடல் விமானத்தில் அனுபவம் உள்ளவர்களுக்கு டுவின் ஒட்டர் ஓட்டும் கொம்பனிகளும் அங்கேயே இருக்கின்றன. கொக்கல களப்பில் மிதவையோடு இறங்கிப் பழகிய ஒருவருக்கு அந்தக் கை வீண்போகாது.

எந்த நாடாக இருந்தாலும் ஃபர்ஸ்ட் ஒபிசர் இடங்களில் உள்நாட்டவருக்கே முதலிடம் கொடுப்பார்கள். இதை மனதில் வைத்து விண்ணப்பியுங்கள். ஒரே ஒரு கொம்பனியை நம்பி ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

நான்கு கோட்டிலிருந்து மூன்று கோட்டுக்கு

சார்ட்டரில் கப்டனாக இருந்தவர் எயார்லைனில் ஃபர்ஸ்ட் ஒபிசராகச் சேருவார். தோளில் நான்கு கோடு மூன்றாகும், சிலருக்கு இரண்டாகும். வெள்ளவத்தையில் இருக்கும் அம்மா, "கப்டனா இருந்த பிள்ளை ஏன் திரும்பவும் உதவியாளாப் போறான்?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது, ஒரு வரியில் பதில் சொல்ல முயலாமல் உட்கார்ந்து விளக்குங்கள். பெரும்பாலான எயார்லைன்களில் சேர்ந்த திகதியே உங்கள் வரிசை எண்ணைத் தீர்மானிக்கும். கப்டனாக உயர்வது, நல்ல ரோஸ்டர், லீவு, விமான ரக மாற்றம் எல்லாம் அந்த எண்ணைத்தான் பார்க்கும். அதனால் "இன்னும் ஒரு சீசன் ஓட்டிவிட்டுப் போகிறேன்" என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

தொடக்கச் சம்பளம் சில சமயம் சார்ட்டர் கப்டனின் சம்பளத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பயிற்சிக் காலத்தில் பறப்புப் படி கிடைக்காத கொம்பனிகளும் உண்டு. பறக்கப் படிக்க எடுத்த கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சில மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

லொக்புக்கைத் திறந்து வையுங்கள்

அடுத்த வேலை கணக்கு. மொத்த மணித்தியாலத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சர்வதேச சிவில் விமான அமைப்பின் இணைப்பு 1, ஏடிபிஎல்லுக்கு (எயார்லைன் கப்டனுக்கான லைசன்ஸ்) கேட்பது மொத்தம் 1500 மணித்தியாலம். அதற்குள் விமானத் தலைவராக 250 (அதில் ஒரு பகுதி கண்காணிப்பின் கீழான தலைமையாகவும் இருக்கலாம்), நெடுந்தூரப் பறப்பு 200, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 75, இரவு 100.

நம் ஊர் சார்ட்டர் விமானிகளின் லொக்புக்கில் எந்தப் பத்தி மெலிந்திருக்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்று இரவு. கடல் விமானம் பகலில்தான் ஓடும், மற்றச் சுற்றுலா சார்ட்டர்களும் பெரும்பாலும் வெளிச்சத்தில் முடிந்துவிடும். இன்னொன்று இரட்டை இயந்திரம். செஸ்னா கரவனில் ஆயிரக்கணக்கில் ஓட்டியிருந்தாலும் அது ஒற்றை இயந்திர டர்பைன். இரட்டை இயந்திரப் பத்தியில் பறப்புப் பள்ளியில் ஓட்டிய சொற்ப மணித்தியாலம் அப்படியே கிடக்கும்.

இதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஃபர்ஸ்ட் ஒபிசராகச் சேர முழு ஏடிபிஎல் தேவையில்லை. சிபிஎல், செல்லுபடியாகும் இரட்டை இயந்திரக் கருவிப் பறப்பு ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே ஓட்டும் தகுதி), தேறிய ஏடிபிஎல் எழுத்துப் பரீட்சைகள் ஆகியவைதான் வழக்கமாகக் கேட்கப்படும் அடிப்படை. இரவு 100 மணித்தியாலத்தைத் துணை விமானியாக ஓட்டியும் நிரப்பலாம் என்று இணைப்பு 1 சொல்கிறது. எயார்லைனில் சேர்ந்த பிறகு அந்தப் பத்தி தானாக நிறையும். கைக்காசைக் கொட்டி இரவில் சிறிய விமானம் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கரவனின் வலது இருக்கையில் இருந்தவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டிய ஒரு விதி இருக்கிறது. ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்றளிக்கப்பட்ட விமானத்தில், நாட்டின் அதிகாரசபை துணை விமானி வேண்டும் என்று கேட்டதால் நீங்கள் உட்கார்ந்திருந்தால், அந்த நேரத்தில் பாதிதான் உயர்ந்த லைசன்ஸுக்கான மொத்தத்தில் சேரும். விமானம் இரண்டு பேர் ஓட்டுவதற்கேற்ற கருவிகளோடு இருந்து, கொம்பனியும் இரு விமானி நடைமுறையில் ஓட்டினால் முழுதாக எண்ணவும் அதிகாரசபைக்கு இடமுண்டு. உங்களுடையது எப்படி எண்ணப்படும் என்பதைக் கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் லைசன்ஸ் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேர்முகத்தில் ஒரு எண்ணைச் சொல்லி, பிறகு அது பாதியாகக் குறைந்தால் அவர்கள் உங்கள் நேர்மையைத்தான் சந்தேகிப்பார்கள்.

லொக்புக்கை மின்வடிவில் ஏற்றுங்கள். ஒவ்வொரு பக்க மொத்தத்தையும் சரிபாருங்கள். தண்ணீரில் இறங்கியவை, கண்காணிப்பின் கீழ் ஓட்டியவை, உண்மையான மேகத்துக்குள் ஓட்டியவை என்று தனித்தனியே வடிகட்டி எடுக்கும்படி வைத்துக்கொண்டால் எந்தக் கொம்பனியின் படிவமும் ஒரு மணித்தியால வேலைதான்.

காலாவதியாக விடக்கூடாதவை

இரட்டை இயந்திரக் கருவிப் பறப்பு ரேட்டிங்தான் இதில் முதல். கரவன் ஓட்டும் வேலைக்கு அது தேவைப்படாததால் பலரிடம் அது காலாவதியாகிக் கிடக்கிறது. திடீரென்று ஒரு கொம்பனி "அடுத்த மாதம் வாருங்கள்" என்றால், பயிற்றுநர், விமானம், பரீட்சகர் மூன்றையும் ஒரே கிழமையில் பிடிப்பது கொழும்பில் லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு வருடமும் புதுப்பித்து வையுங்கள். ஏடிபிஎல் எழுத்துப் பரீட்சை முடிவுகளுக்கும் ஒரு காலக்கெடு உண்டு. உங்களுடைய திகதி என்ன என்று பார்த்து எழுதி வையுங்கள்.

முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் 12 மாதம். தனி விமானியாகப் பயணிகளை ஏற்றும் வேலையில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அது 6 மாதமாகச் சுருங்கும். இரு விமானி வேலைக்குப் போனால் 60 வயது வரை திரும்ப 12 மாதமாகும்.

ஆங்கிலத் தேர்ச்சி நிலை 4 என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை, நிலை 5 என்றால் ஆறு வருடத்துக்கு ஒரு முறை திரும்பச் சோதிக்கப்படும். நிலை 6 எடுத்தால் மீண்டும் எழுதத் தேவையில்லை. தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்கு இதில் ஒரு சொல். கோபுரத்தோடு பேசும் ஆங்கிலம் உங்களுக்குச் சரளமாக வரும், ஏனென்றால் அது குறிப்பிட்ட சொற்றொடர்களில் ஓடுவது. தேர்வு அறையில் கேட்பது விளக்கும் ஆங்கிலம். ஒரு தீர்மானத்தை ஏன் எடுத்தீர்கள் என்று நான்கு வசனத்தில் சொல்லவேண்டும். அன்றைய பறப்பை வீட்டில் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள், கைத்தொலைபேசியில் பதிந்து கேளுங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

சுற்றுலா சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் மே மாதத்திலிருந்து சார்ட்டர் குறையும். ரேட்டிங் புதுப்பிப்பு, பயிற்சிநெறி, எழுத்துப் பரீட்சை எல்லாவற்றையும் அந்த மெலிந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள். சீசனுக்குள் லீவு கேட்டால் கிடைக்காது, கேட்பதும் அழகில்லை.

இருவராக ஓட்டப் பழகும் பயிற்சி

எம்சிசி எனப்படும் பல விமானி ஒத்துழைப்புப் பயிற்சி, ஒற்றை விமானி வேலையிலிருந்து வருபவர்களிடம் கட்டாயம் கேட்கப்படும். இதைச் சான்றிதழுக்காக மட்டும் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சார்ட்டர் விமானியின் வாழ்க்கையில் மிகவும் பயன்படும் பயிற்சி இதுதான். ஐரோப்பிய முறையில் வழக்கமான எம்சிசி சிமுலேட்டர் நேரத்தைவிட நீட்டப்பட்ட வடிவமும் உண்டு. அதில் ஜெட் கையாளுதலும் எயார்லைன் தரமும் சேரும். பணம் இருந்தால் நீண்டதை எடுங்கள். இடம் தேர்ந்தெடுக்கும்போது, நீங்கள் போக நினைக்கும் நாட்டின் அதிகாரசபை அந்தப் பள்ளியின் சான்றிதழை ஏற்குமா என்பதை முதலில் கேளுங்கள்.

பயிற்சிக்குப் போகும் முன்பே வேலையில் தொடங்கலாம். பக்கத்தில் இன்னொரு விமானி இருக்கும் நாட்களில் யார் ஓட்டுபவர், யார் கண்காணிப்பவர் என்று தரையிலேயே தீர்மானியுங்கள். புறப்படும் முன் முழு பிரீஃபிங் கொடுங்கள். செக்லிஸ்டை மனப்பாடமாக முணுமுணுக்காமல் ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்லட்டும். இறங்க வரும்போது, வேகமும் பாதையும் சரியாக அமைந்திருந்தால், 1000 அடியில் "ஸ்டேபிள்" என்று சொல்லுங்கள். ஸ்டேபிள் இல்லையென்றால், பகல் வெளிச்சமாக இருந்தாலும், ஓடுபாதை எதிரிலேயே தெரிந்தாலும் இறங்காமல் மேலேறிச் சுற்றிப் போங்கள். தனியாக ஓட்டும் நாளிலும் வாய்விட்டுச் சொல்லலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

சிமுலேட்டர் தேர்வு

பலர் விழுவது இங்கேதான்.

தேர்வுக்கு எந்த சிமுலேட்டரைக் கொடுப்பார்கள் என்பது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். அந்த ரகத்தை நீங்கள் ஓட்டியிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முன்கூட்டியே ஒரு தாளில் பிட்ச் (மூக்கின் கோணம்), பவர், வேக எண்களைக் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போகவேண்டும். நேர் மட்டப் பறப்பு, ஏற்றம், இறக்கம், ஃபிளாப் (இறக்கை மடல்) போட்ட அணுகல் ஆகிய நான்கு ஐந்து எண்கள் நாவில் இருந்தால், கண் ஊசிகளைத் துரத்தாமல் அமைதியாகச் சுற்றும்.

அடுத்தது ஓட்டோபைலட், ஃபிளைட் டைரக்டர் (எப்படி ஓட்டவேண்டும் என்று திரையில் காட்டும் குறி) எதுவும் இல்லாமல் ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கற்றை) ஓட்டுவது. புதிய கரவன்களில் உள்ள ஜி1000 திரையும் ஓட்டோபைலட்டும் கையைச் சோம்பேறியாக்கிவிடும். பயணிகள் இல்லாத வெற்றுப் பறப்புகளை இதற்குப் பயன்படுத்துங்கள். கொம்பனி அனுமதித்தால் கட்டுநாயக்க ஐஎல்எஸ்ஸைக் கையால் ஓட்டுங்கள். காத்திருப்பு வட்டத்துக்குள் நுழையும் முறைகளை வீட்டில் காகிதத்தில் வரைந்து பழகுங்கள். வருடக்கணக்கில் காட்சிப் பறப்பு செய்தவர்களுக்கு முதலில் மறந்துபோவது அதுதான்.

அப்புறம் இயந்திரச் செயலிழப்பு. கரவனில் புறப்பட்டவுடன் இயந்திரம் நின்றால் மூக்கைத் தாழ்த்தி, முன்னால் உள்ள இடத்தில் இறங்கவேண்டும். இருக்கும் நேரம் விநாடிகளில்தான். இந்த அவசரம் உங்கள் நரம்பில் ஊறியிருக்கும், ஊறியிருக்கவும் வேண்டும். ஏடிஆரில் வி1 வேகத்தை (அதற்கு மேல் நிறுத்தாமல் புறப்படவேண்டிய வேகம்) தாண்டிய பிறகு ஒரு இயந்திரம் போனால் விமானம் மற்றதோடு ஏறும்படியே வடிவமைக்கப்பட்டது. புறப்பாட்டு ஆற்றலைக் கவனிக்கும் தானியங்கி அமைப்பு, செத்த இயந்திரத்தின் புரொப்பெல்லரைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிட்டு (இதுதான் ஃபெதர்), மற்ற இயந்திரத்தின் ஆற்றலை உயர்த்தும். உங்கள் வேலை ரடரால் நேராக வைத்திருப்பது, சரியான வேகத்தில் ஏறுவது, குறைந்தது 400 அடி வரை வேறு எதையும் தொடாமல் இருப்பது. அதற்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து எது போனது என்று அடையாளம் காண்பார்கள். ஒருவர் லீவரில் கைவைத்து "நம்பர் டூ" என்பார். மற்றவர் பார்த்து உறுதி செய்த பிறகே அது நகரும்.

இந்த ஒழுங்கு ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு இரண்டு விபத்துகளை ஒவ்வொரு டர்போபுரொப் விமானியும் படித்திருக்கவேண்டும். 2015 பெப்ரவரி 4 அன்று தாய்பேயில் ட்ரான்ஸ்ஏசியா 235 புறப்பட்டது. ஏடிஆர் 72-600. இரண்டாம் இயந்திரத்தின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. ஓட்டியவர் அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதலாம் இயந்திரத்தின் ஆற்றலைக் குறைத்து, அதையே நிறுத்தினார். 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் எட்டி எயார்லைன்ஸ் 691 தரையிறங்க வந்தது. ஃபிளாப் லீவருக்குப் பதிலாக, புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களும் ஃபெதர் நிலைக்குப் போயின. இரண்டு புரொப்பெல்லரும் உந்துவிசை இழந்தன. விமானத்தில் இருந்த 72 பேரும் இறந்தார்கள். இரண்டிலும் அனுபவம் உள்ள கப்டன்கள் முன்னால் இருந்தார்கள். கை நகர்ந்தது, அதைச் சரிபார்க்கவேண்டிய இரண்டாவது கண் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

தேர்வில் பரீட்சகர் ஒரு இயந்திரத்தை நிறுத்தும்போது, அவர் உங்கள் ரடரைவிட உங்கள் வாயையும் கையையும்தான் கவனிக்கிறார். சார்ட்டரிலிருந்து வருபவர்கள் ஒருவரிடமும் சொல்லாமல் எல்லா லீவரையும் தாங்களே இழுத்து, விமானத்தை அழகாக நேராக வைத்திருந்து, அப்படியும் நிராகரிக்கப்படுவது உண்டு. மாறாக, சற்று ஆடி, 100 அடி மேலே கீழே போய், ஆனால் "என் வேகம் குறைகிறது, திருத்துகிறேன்" என்று சொல்லி, பக்கத்தில் இருப்பவருக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர்கள் எடுக்கப்படுகிறார்கள். பக்கத்தில் உட்கார வைக்கப்படுபவர் சில சமயம் இன்னொரு விண்ணப்பதாரராகவே இருப்பார். அவர் தடுமாறும்போது நீங்கள் எப்படி உதவுகிறீர்கள் என்பதும் மதிப்பெண்தான். அவரைப் போட்டியாளராக நினைக்காதீர்கள். அந்த அறைக்குள் அவர் உங்கள் கூட்டாளி.

தேர்வுக்கு முன் காசு கொடுத்து இரண்டு அமர்வாவது ஏதாவது ஒரு இரட்டை இயந்திர சிமுலேட்டரில் ஓட்டுங்கள், இன்னொரு விமானியையும் கூட்டிக்கொண்டு. தனியாகப் போவதில் பாதிப் பயன்தான்.

நேர்முகம்

தொழில்நுட்பக் கேள்விகள் நீங்கள் இப்போது ஓட்டும் விமானத்திலிருந்துதான் தொடங்கும். கரவனின் பிடி6 இயந்திரத்தில் காற்று எந்தப் பக்கத்தால் நுழைகிறது, புரொப்பெல்லர் டர்பைன் ஏன் தனியாகச் சுழல்கிறது, ஸ்டார்ட் செய்யும்போது வெப்பநிலை எல்லை தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஓட்டும் விமானத்தைப் பற்றியே தெரியாதவர் புது விமானத்தைப் படிப்பார் என்று யார் நம்புவார்? வி1, விஆர், வி2 என்றால் என்ன, ஸ்டேபிள் அணுகலின் நிபந்தனைகள் எவை, இடிமேகத்தை ராடரில் எப்படி வாசிப்பது போன்றவையும் வரும். ஏப்ரல், ஒக்டோபர் மாத மாலை இடிமழைகளுக்குள் ஓட்டிப் பழகிய நமக்குக் கடைசிக் கேள்வியில் சொல்ல நிறைய இருக்கிறது.

மற்ற வகைக் கேள்வி நடத்தை பற்றியது. "இல்லை என்று சொன்ன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்." சார்ட்டர் விமானிக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. பணம் கட்டிய வாடிக்கையாளர் நிற்கிறார், பெட்டி எடை கூடுகிறது, அல்லது வெளிச்சம் போகிறது, மேலிடம் போகச் சொல்கிறது, நீங்கள் போகவில்லை. இப்படிப்பட்டவை நடந்த அன்றே இரண்டு வரி எழுதி வையுங்கள். நிலைமை என்ன, என்ன தெரிவுகள் இருந்தன, யாரிடம் கேட்டீர்கள், என்ன முடிந்தது. சொல்லும்போது வாடிக்கையாளரையோ கொம்பனியையோ பெயர் சொல்லித் தாழ்த்தாதீர்கள். இன்று இரத்மலானையைப் பற்றிக் குறை சொல்பவர் நாளை தங்களைப் பற்றியும் சொல்வார் என்றே அவர்கள் கணக்குப் போடுவார்கள். இன்னொன்று, கதையின் நாயகனாக நீங்களே எல்லாவற்றையும் தீர்த்ததுபோல் சொல்லவேண்டாம். பொறியியலாளரைக் கேட்டீர்களா, வானிலை அலுவலகத்துக்கு அழைத்தீர்களா, துணை விமானி என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியது

ரகப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுகிறார் என்பதே முதல் கேள்வி. ஏடிஆருக்கு உற்பத்தியாளரின் பயிற்சி மையம் துலூஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. தரைப்பாடம், சிமுலேட்டர், பரீட்சை என்று வாரக்கணக்கில் போகும். கொம்பனி கட்டினால் அதற்கு ஈடாக ஒரு பிணைக்காலம் கேட்கும். அது நியாயம்தான். ஆனால் பிணைத்தொகை மாதாமாதம் குறைந்துகொண்டு வருகிறதா, கடைசி நாள் வரை முழுத்தொகையாகவே நிற்கிறதா? கொம்பனியே உங்களை நிறுத்தினால் என்ன? மருத்துவச் சான்றிதழ் போனால் என்ன? பரீட்சையில் தவறினால் திரும்ப வாய்ப்பு உண்டா? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணம் பிணைத்தொகையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

வேலை நிச்சயம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகவேண்டாம். உண்மையான எயார்லைன் தன் தேர்வைத் தானே நடத்தும்.

இரத்மலானையிலிருந்து புறப்படும்போது

கையெழுத்திட்ட ஒப்பந்தமும் பயிற்சி தொடங்கும் திகதியும் கைக்கு வரும் வரை ராஜினாமா கொடுக்கவேண்டாம். வாய்ச்சொல் போதாது. கொடுத்த பிறகு முன்னறிவிப்புக் காலத்தை முழுதாக ஓட்டுங்கள், சீசன் நடுவில் விட்டுப்போகாமல் பாருங்கள். இந்த ஊரில் விமானிகள் மிகச் சிலர். புதிய கொம்பனி உங்கள் தலைமை விமானியை அழைத்து விசாரிக்கும்.

வேலையை விடுவதற்கு முன் மணித்தியாலச் சான்றிதழை வாங்குங்கள். கொம்பனி முத்திரையோடு, ஒவ்வொரு வருடத்துக்கும், விமான ரகத்துக்கும், தலைவர்–துணை என்று பிரித்து. பிறகு கேட்கலாம் என்று விட்டால், சிறிய கொம்பனிகளில் ஆள் மாறிவிடும், சில சமயம் கொம்பனியே இருக்காது. கடைசிச் சோதனைப் பறப்பின் அறிக்கை, ஆபத்தான பொருட்கள் பயிற்சி, விமானக்குழு வளப் பயிற்சி, அவசரகாலப் பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் பிரதியையும் எடுங்கள்.

வெளிநாட்டுக் கொம்பனி என்றால் அந்த நாட்டு அதிகாரசபை உங்கள் லைசன்ஸை நம்முடைய அதிகாரசபையிடம் நேரடியாகச் சரிபார்க்கும். அந்தக் கடிதத்துக்கு விண்ணப்பிப்பது நீங்கள்தான், அதுவும் வேலை உறுதியான அன்றே. பலருக்கு மாதம் கடந்துபோவது இந்த ஒரு கடிதத்தில்தான். அங்கே போனதும் அந்த நாட்டு விமானச் சட்டத்தில் ஒரு பரீட்சை வைத்து, லைசன்ஸுக்கு அங்கீகாரம் தருவார்கள்.

பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் உறுதிப்படுத்திய பிரதி பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில். அவற்றை வெளிநாட்டுக்காக அத்தாட்சிப்படுத்துவது பத்தரமுல்ல சுஹுருபாயவில் உள்ள கொன்சியூலர் பிரிவில். யாழ்ப்பாணத்திலும் அதற்குக் கிளை அலுவலகம் உண்டு, ஊரில் பெற்றோர் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடைசியாக, புறப்படும் முன் கொஸ்வத்தையில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யவேண்டும். ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு மூன்றின் மூலப்பிரதியோடும் காலையிலேயே போங்கள். பதிவில்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் குடிவரவுக் கவுண்டரில் நிறுத்தப்படலாம், பயிற்சி வகுப்பு உங்களுக்காகக் காத்திராது.

லொக்புக்கின் மூலத்தைக் கைப்பையில் கொண்டுபோங்கள். பெட்டியில் போட்டு அனுப்பவேண்டாம். ஒரு பிரதி வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும்.